திரைச்சுருளும் தமிழ்ச்சுவடியே!



திரைப்படம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே முகஞ்சுளிப்போர் நம்முள் பலர். அச்சுளிப்பு அடிப்படையற்றது என்று யான் சொல்ல வரவில்லை. நடிகரின் பேருருவப் படத்துக்குப் பாலூற்றும் இளைஞரையும், இரண்டு தமிழ்ச்சொல்லுக்கு நான்கு அயற்சொல் கலந்து பேசுவதே நாகரிகம் எனக் கற்பிக்கும் உரையாடல்களையும், பொருள் விளங்காப் பாட்டுகளையும் நாள்தோறும் கண்டு நொந்தவர் அவ்வாறு சுளிப்பது இயல்பே. வகுப்பறையில் தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்னும் முறையில் அந்நோவு எனக்கும் உண்டு. ஆயினும் பதரைத் தூற்றுகிறவன் நெல்லையும் சேர்த்துக் காற்றில் விடுவானாயின் அவனை உழவன் என்று யாரும் சொல்லார். நாம் அத்தவற்றையே செய்துகொண்டிருக்கிறோம் என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

இன்று பழைய படம் என்றால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவன சில பெயர்களே. ம.கோ.இரா.வும் சிவாசி கணேசனும் நடித்தவற்றுள் அடிக்கடி தொலைக்காட்சியில் வருவன சில, அவற்றுக்கு முன் தியாகராச பாகவதரின் ‘அரிதாசு’, வாசனின் ‘சந்திரலேகா’, அவ்வளவே. இவை புகழுக்குரியனவே, அதில் ஐயமில்லை. ஆனால் அப்புகழின் நிழலில் ஒளிகுன்றிக் கிடப்பன எத்தனை? தமிழ்க் காப்பியத்தைத் திரையில் ஏற்றியவை, தமிழ்ப்பாவலர் தம் கையாலேயே உரையாடல் எழுதியவை, குமுகாயத்தின் முடைநாற்றத்தை அஞ்சாது எடுத்துக்காட்டியவை எனப் பலவும் அந்நிழலில்தான் கிடக்கின்றன. அவற்றில் நடித்தோர் பெயரும் நம் மக்கள் நாவில் இல்லை. எங்கள் பள்ளியில் சிலப்பதிகார வழக்குரை காதையை நடத்தும்போது, ‘கண்ணகியாகத் திரையில் நடித்த கண்ணாம்பாவை அறிவீர்களா?’ என்று ஒருமுறை வினவினேன். வகுப்பு முழுதும் வாய்மூடியிருந்தது. பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

முதலில் இழப்பின் அளவை உணர்வோம். தென்னாட்டின் முதல் பேசாப்படமாகிய ‘கீசகவதம்’ நடராச முதலியாரால் எடுக்கப்பட்டது. அது இன்று இல்லை. தமிழ் பேசிய முதல் படம் 1931ஆம் ஆண்டு அக்தோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளிவந்த ‘காளிதாசு’. அதுவும் இன்று இல்லை. தென்னாட்டில் எடுக்கப்பட்ட பேசாப்படங்களுள் முழுமைக்கு அணித்தாக எஞ்சியது 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே என்பர் ஆய்வாளர். அதுவும் எப்படி எஞ்சியது? மூலப் புதினத்தின் உரிமை குறித்து எழுந்த வழக்கினால் படம் திரையிடப்படாமல் முடங்கிற்று, முடங்கியதனாலேயே பிழைத்தது! ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன. வழக்கில் சிக்கிய படம் வாழ்ந்தது. போற்றிக் காத்தவர் இல்லாத நாட்டில் பூசல்தான் காவலாகும் போலும்.

அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளால் ஆனது. வெப்பமும் ஈரமும் மிக்க நம் நிலத்தில் அது தானே சிதைந்து, ஒட்டிப் பசையாகி, முடிவில் பொடியாகிவிடும். இயற்கை செய்த அழிவு இவ்வளவு. மாந்தர் செய்த அழிவோ இதனினும் பெரிது. ஓட்டம் முடிந்த படத்தின் சுருள்களை எடைக்கு எடை விற்றனர். வாங்கியோர் அவற்றின் பூச்சில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றைக் கழுவினர். தமிழ் பேசிய முகங்கள் கரைந்து சில பிடி வெள்ளியாயின. புனே நகரில் 1964இல் நடுவணரசின் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பெற்றபோது, தமிழ் பேசும்படம் பிறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. அந்நகரிலும் 2003இல் நேர்ந்த தீயில் பழஞ்சுருள்கள் பல எரிந்தன.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லையா? ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஓலைகளும், அடுப்பெரிக்க உதவிய ஏடுகளும், செல்லரித்த கட்டுகளும் நினைவுக்கு வரவில்லையா? தாமோதரனாரும் சாமிநாதரும் ஊர் ஊராய் அலைந்திராவிட்டால் நம் கையில் என்ன இருந்திருக்கும்? 1887இல் சிந்தாமணியும், 1892இல் சிலம்பும், 1894இல் புறநானூறும் அச்சேறும்வரை கற்றோர் பலரே அவற்றை அறியாதிருந்தனர். ‘இதெல்லாம் எதற்கு?’ என்று அன்றும் சிலர் கேட்டிருப்பர். இன்று திரைச்சுருளைக் குறித்து நாம் கேட்பதும் அதே வினாவே.

இனி, நாம் காண மறந்த படங்களுள் சிலவற்றைக் காண்போம். தமிழாசிரியன் ஆகையால் தமிழிலிருந்தே தொடங்குகிறேன்.

பேசும்படம் பிறந்த முதலாண்டுகளில் அதன் உரையாடல் இருந்த நிலை இரங்கத்தக்கது. வடசொல் மிகுந்த நடை ஒருபால். ஒரு குலத்தாரின் வீட்டுப்பேச்சையே அரசனும் முனிவனும் வேடனும் பேசும் வேடிக்கை மற்றொருபால். பாட்டுக்கு இடையிலே ஓட்டை அடைக்க இடும் மண்ணாகவே உரைநடை கருதப்பட்டது. இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் இளங்கோவன். தணிகாசலம் என்ற இயற்பெயருடைய இவர் ‘மணிக்கொடி’ எழுத்தாளர் வட்டத்தைச் சேர்ந்தவர். கம்பரின் மகன் கதையாகிய ‘அம்பிகாபதி’ 1937இல் படமானபோது இவர் எழுதிய உரையாடலே, திரையில் செவ்விய தமிழ் உரைநடைக்கு மதிப்புத் தேடித்தந்தது. பாகவதரின் பாட்டுக்காகப் போனவர்கள் உரையாடலுக்காகவும் செவிசாய்த்தனர். அப்படத்தை இயக்கியவரோ எல்லிசு டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். மொழி அறியாத ஒருவர் படம் பிடிக்க, மொழியை உயிராக எண்ணிய ஒருவர் எழுதினார். பிற்காலத்தில் திரையில் அடுக்குமொழி முழங்கியவர்களின் புகழை நாம் நன்கு அறிவோம்; அவ்வழியில் முதற்கல் பதித்தவரின் பெயரை அறிவோர் எத்தனை பேர்?

இளங்கோவனின் ஆற்றல் முழுதும் வெளிப்பட்ட படம் 1942இல் சூபிட்டர் நிறுவனத்தார் எடுத்த ‘கண்ணகி’. ஆர்.எசு. மணி இயக்கினார். கோவலனாகப் புதுக்கோட்டைச் சின்னப்பாவும் கண்ணகியாகக் கண்ணாம்பாவும் நடித்தனர். சிலப்பதிகாரம் புலவர் வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி, எழுதப்படிக்கத் தெரியாத உழவனும் கைவினைஞனும் கூடியிருந்த கொட்டகைக்குள் நுழைந்தது அப்படத்தால்தான். இளங்கோவடிகளின் காப்பியத்தோடு ஒப்பிட்டு அதில் குறை காண்பது எளிது. காப்பியம் வேறு, ஊர்தோறும் வழங்கிய கோவலன் கதை வேறு, படம் இரண்டுக்கும் இடையே ஒரு வழி தேடியது. ஆனால் வழக்குரைக் காட்சியைக் கேட்டவர் அக்குறைகளை மறந்துவிடுவர்.

கண்ணாம்பா தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆயினும் நீண்ட தமிழ்த்தொடரை மூச்சு முறியாமல், சொல் சிதையாமல், பொருளுக்கேற்ற ஏற்ற இறக்கத்தோடு பேசும் திறம் அவரிடம் இருந்தது. அரசவையில் அவர் பேசும்போது கையை வீசுவதோ கண்ணை உருட்டுவதோ பெரிதாகத் தோன்றாது. சொல்லே முன்னின்று வழக்காடும். துயரமும் சினமும் ஒரே குரலில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுவதை அங்கே கேட்கலாம். பன்னீராண்டு கழித்து ‘மனோகரா’வில் அரசியாக அவர் முழங்கியதையே மக்கள் நினைவில் வைத்துள்ளனர். அம்முழக்கத்தின் ஊற்று ‘கண்ணகி’யில் இருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இற்றை நடிகர் பலர் இரண்டு தொடரைத் திருத்தமாகச் சொல்லத் திணறும்போது, அயல்மொழியாளர் ஒருவர் தமிழுக்குச் செய்த அத்தொண்டை நாம் நன்றியோடு எண்ணற்பாலது.

சின்னப்பாவைப் பற்றியும் ஒரு சொல். சிறுவனாய் நாடகக்குழுவிற் சேர்ந்து, பாட்டும் நடிப்பும் உடற்பயிற்சியும் ஒருங்கே கற்றவர். 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் ஏற்று, கொடியவனையும் நல்லவனையும் ஒரே உடலில் வேறுபடுத்திக் காட்டினார். 1958இல் அதே பெயரில் சிவாசி கணேசன் நடித்த படம் முன்னதை மறைத்துவிட்டது. 1951இல் முப்பத்தைந்தாம் அகவையிலேயே சின்னப்பா மறைந்தார். பாகவதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு அவர் பெயர் சொல்லப்படுகிறதே தவிர, அவருக்கென உரிய இடத்தை நாம் அளந்து கொடுக்கவில்லை.

அதே 1942இல் வந்த மற்றொரு படம் ‘மனோன்மணி’. தமிழ்த்தாய் வாழ்த்தை நமக்கு ஈந்த பேராசிரியர் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகமே அதன் மூலம். சேலம் மாடர்ன் தியேட்டர்சின் தி.இரா. சுந்தரம் அதைப் படமாக்கினார், சின்னப்பாவும் டி.ஆர். இராசகுமாரியும் நடித்தனர். படித்தற்கென்றே பாவால் எழுதப்பட்ட நாடகம் அது. மேடையேற்றுவதே அரிது என்று கற்றோர் கருதியது. அதைப் பெருஞ்செலவிற் படமாக்கத் துணிந்தவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். படமெடுத்துப் பிழைத்த ஒரு தொழில்முனைவர். ஒவ்வொரு காலையும் பள்ளிகளில் அவ்வாழ்த்தைப் பாடுகிறோம். அது இடம்பெற்ற நாடகம் படமாக வந்தது என்பதை அறிந்த ஆசிரியர் எத்தனை பேர்?

அச்சேலம் நிலையமே பாவேந்தர் பாரதிதாசனாருக்கும் கதவு திறந்தது. அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ 1950இல் ‘பொன்முடி’ என்னும் படமாயிற்று. பாவேந்தரே உரையாடல் எழுதினார்; டங்கன் இயக்கினார்; பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் நடித்தனர். வணிகர் குடும்பங்கள் இரண்டின் பகையிடையே முகிழ்த்த காதல் அது. காதற்காட்சிகள் மிகை என்று அன்று சிலர் குறைகூறினர். ஆனால் காதலர் இருவர் தனித்தமிழ்ப் பெயர் தாங்கி, தமிழாகவே பேசித் திரையில் உலவியது அன்று எளிய செயலன்று. 1952இல் ‘வளையாபதி’ என்னும் பெயரிலும் அந்நிலையத்தில் ஒரு படம் வந்தது. அதற்கும் பாவேந்தரே எழுதினார். சௌகார் சானகி தமிழில் முதன்முதல் நடித்த படம் அது.

‘பொன்முடி’ வந்த அதே ஆண்டில் அங்கேயே எடுக்கப்பட்ட ‘மந்திரி குமாரி’யைப் பலரும் அறிவர். ஆனால் அறிந்திருப்பது இரண்டு பெயர்களை மட்டுமே: எழுதிய கலைஞர் கருணாநிதி ஒருவர், படைத்தலைவனாக நடித்த ம.கோ.இரா. மற்றவர். படத்தைப் பார்த்தவர்க்குத் தெரியும், அதைத் தோளிற் சுமந்தவர்கள் வேறு இருவர் என்று. அரசகுருவின் மகனாக, கொள்ளையடிப்பதையும் ஒரு கலை என்று பேசும் பார்த்திபனாக வந்த எசு.ஏ. நடராசன் ஒருவர், அவனை நம்பி மணந்து, பின் அவன் உருவை அறிந்து, மலையுச்சியிலிருந்து அவனைத் தள்ளும் அமைச்சர் மகளாக வந்த மாதுரி தேவி மற்றொருவர். நடராசனின் நடிப்பில் கொடுமை உறுமிக்கொண்டு வராது, சிரித்துக்கொண்டு வரும். அதனாலேயே அச்சம் மிகும். தீயவனை வெறும் பூச்சாண்டியாகக் காட்டாமல், அறிவும் இனிமையும் உடைய ஒருவன் எவ்வாறு தீயவனாகிறான் என்று காட்டிய நடிப்பு அது. அதற்கு ஈடான புகழ் அவருக்குக் கிட்டவில்லை.

அம்மலையுச்சிக் காட்சியின் மூலம் எது? ‘குண்டலகேசி’. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் அந்நூலில் நமக்குக் கிடைத்தன 19 பாடல்களே. அதன் கதையை நாம் அறிவது எவ்வாறு? அந்தப் புத்தநூலை மறுக்க எழுந்த சமணநூலாகிய நீலகேசியின் உரையிலிருந்து! எதிர்த்தவர் எழுதியதனால் எதிர்க்கப்பட்டதன் கதை பிழைத்தது. ‘வளையாபதி’ காப்பியத்தின் நிலையும் அதுவே. நமக்கு எஞ்சியவை எழுபத்திரண்டு பாடல்களே. மூல ஏட்டை இழந்த நாம், அவ்வேட்டின் பெயரையும் கதையையும் தாங்கி வந்த படங்களையும் இழக்கப் போகிறோமா? ஒரே பொருளை இருமுறை தொலைப்பவனை உலகம் என்னென்று சொல்லும்?

மொழி மட்டுமன்று, குமுகாயச் சிந்தனையிலும் பழம்படங்கள் சில நம்மை நாணச் செய்யும். வழக்கறிஞராயிருந்து இயக்குநரான கே. சுப்பிரமணியம் 1937இல் ‘பாலயோகினி’ எடுத்தார். உறவினரால் கைவிடப்பட்ட கைம்பெண்ணுக்கும் அவள் குழந்தைக்கும் தாழ்த்தப்பட்டவன் ஒருவனின் குடிசை புகலிடமாவதே கதை. பார்ப்பன வகுப்பிற் பிறந்த இயக்குநர் அவ்வகுப்பின் கொடுமையையே திரையில் நிறுத்தினார், வைதிகர் சினந்தனர். அதில் நடித்த குழந்தை சரோசாவின் மழலையில் நாடே மயங்கிப் பெண்மக்களுக்கு அப்பெயரை இட்டு மகிழ்ந்தது. 1938இல் ‘சேவாசதனம்’; பிரேம்சந்து எழுதிய புதினத்தின் வழிவந்தது. இளம்பெண்ணை முதியவருக்கு மணமுடிக்கும் கொடுமையைச் சாடியது. எம்.எசு. சுப்புலட்சுமி முதன்முதல் நடித்த படம் அது. அவரது இசையையே உலகம் அறியும். முதிய கணவராக நடித்த எப்.சி. நடேசர் தொடர்வண்டித் துறை அலுவலராயிருந்தவர், திருச்சியில் நாடகக்கலை வளர்த்தவர் என்பதை யாரறிவர்?

1939இல் வந்த ‘தியாகபூமி’ இவற்றின் முடிமணி. கல்கியின் கதை. கணவனால் ஒதுக்கப்பட்ட பெண் பின்னாளில் செல்வம் எய்துகிறாள். அப்போது கணவன் தன்னோடு வாழவேண்டும் என்று வழக்கிடுகிறான். மன்றத்தில் நின்று அவள் மறுக்கிறாள். ‘வேண்டுமானால் அவருக்கு வாழ்க்கைப்பொருள் நான் தருகிறேன்’ என்னும் கருத்துப்பட விடை சொல்கிறாள்! எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பெண் திரையில் இவ்வாறு பேசினாள் என்றால், இன்றைய தொலைக்காட்சித் தொடர்களிற் கண்ணீர் வடிக்கும் பெண்டிரை என்னென்பது? அப்பெண்ணாக நடித்த எசு.டி. சுப்புலட்சுமியும், தந்தையாக நடித்த பாபநாசம் சிவனும் மிகையின்றி நடித்தனர். நாட்டு விடுதலை உணர்வைத் தூண்டியதால் ஆங்கில அரசு பின்னர் இப்படத்தைத் தடை செய்தது. இதன் சுருள் புனேக் காப்பகத்தில் பிழைத்திருப்பது நம் நற்பேறு.

பெண் என்றதும் தி.ப. இராசலட்சுமியைச் சொல்லாமல் செல்ல இயலாது. ‘காளிதாசு’ படத்தின் தலைவி அவரே. அதோடு நில்லாமல், தாம் எழுதிய புதினத்தையே 1936இல் ‘மிசு கமலா’ என்னும் படமாக்கி, தாமே இயக்கி, தாமே நடித்தார். தென்னாட்டின் முதற்பெண் இயக்குநர் திருவையாற்றுத் தமிழ்ப்பெண். இன்றும் திரைத்துறையில் பெண் இயக்குநர் அரியர். முன்னோடி ஒருவர் இருந்தார் என்று அறிந்திருந்தால் நம் பெண்மக்கள் பலர் துணிந்து புகுந்திருக்க மாட்டார்களா? மறதி இறந்தவரை மட்டும் வருத்துவதன்று. இனி வருவோரின் வழியையும் அடைக்கிறது.

1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’ வேறொரு வகையிற் சிறந்தது. பிரெஞ்சு நாட்டு விக்டர் ஊகோவின் பெரும்புதினத்தைச் சுத்தானந்த பாரதியார் இப்பெயரில் தமிழாக்கியிருந்தார். கே. இராம்நாத் அதனைப் படமாக இயக்கினார். ஒளிப்பதிவாளராகத் தொழிலைத் தொடங்கியவர் ஆதலால் ஒளியையும் நிழலையும் அவர் சொற்களைப் போலவே ஆண்டார். ஊகோவின் கதைத்தலைவனாக நாகையா நடித்தார். பசிக்காகத் திருடிச் சிறைசென்று முரடாகிப்போன ஒருவன், தனக்குச் சோறும் இடமும் தந்தவர் வீட்டிலேயே திருடிவிட்டுப் பிடிபடுகிறான். அவரோ அவனைக் காட்டிக்கொடுக்காமல் விடுவிக்கிறார். அக்கணத்தில் கல் கரைவதை நாகையாவின் முகத்திற் காணலாம். அவரை விடாது துரத்தும் காவலனாக நடித்த சீதாராமனுக்கு அக்கதைமாந்தன் பெயரே நிலைத்து, ‘சாவர் சீதாராமன்’ ஆயினார். பெயர் நிலைத்தது, பெயர்வந்த படம் மறந்துபோயிற்று! அச்சீதாராமனே 1954இல் வீணை பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்துக்கு எழுதினார். ஒரு பாட்டும் இல்லாமல் தமிழ்ப்படம் எடுக்கலாம் என்று காட்டிய படம் அது. அதில் தன் கணவனே நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் என்று கண்ட மனைவியாகப் பண்டரிபாய் காட்டிய அமைதி, அழுகையினும் ஆழமானது.

பிற்பட்ட காலத்திலும் இத்தகைய முயற்சிகள் இருந்தன. 1960இல் நிமாய் கோசு என்னும் வங்காளியார் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ தொழிலாளர் வாழ்வைக் காட்டியது, கே. விசயன் நடித்தார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்தார். 1965இல் செயகாந்தன் தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தாமே இயக்கி, சேரிமக்களின் வாழ்வை ஒப்பனையின்றிக் காட்டினார். நடுவணரசின் பாராட்டும் பெற்றார். பணம் படைத்த கொட்டகை வணிகமோ இவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. இவற்றைக் காண விரும்பும் இளைஞனுக்கு இன்று எளிதில் வழியுமில்லை.

நம்முள் சிலர் மறுப்பர். ‘இப்படங்களிலும் வடசொல் உண்டு, தொன்மக்கதை உண்டு, மெல்ல நகர்வன, பாட்டு மிகுதி’ என்பர். உண்மையே. பல படங்களின் பெயர்களே வடசொல்லாயிருப்பதை மேலே கண்டீர்கள். ஆனால் குறையுடையது என்பதற்காகச் சுவடியை எரித்தோமா? கருத்து ஒவ்வாத நூலையும் பதிப்பித்துக் காத்த பின்னரே அதனோடு வாதிட்டோம். நீலகேசி உரையாசிரியர் குண்டலகேசிக்குச் செய்ததையேனும் நாம் திரைப்படத்துக்குச் செய்ய வேண்டாவா? மேலும், ஒரு மொழி எவ்வாறு கலப்பிலிருந்து மெல்ல மெல்ல மீண்டது என்பதற்கு 1931 முதல் 1952 வரையிலான படங்களே கேட்கக்கூடிய சான்று. நூலில் மொழியைப் படிக்கலாம். அன்றைய தமிழன் அதை எப்படி ஒலித்தான் என்பதைப் படத்தில் மட்டுமே கேட்கலாம்.

இன்னொரு மறுப்பு: ‘நடிகரைப் போற்றுவது நடிகர் வழிபாட்டுக்கு வழிகோலாதா?’ கோலாது, அதற்கு மருந்தாகவே அமையும். வழிபடுகிறவன் ஆளைப் பார்க்கிறான்; சுவைக்கிறவன் தொழிலைப் பார்க்கிறான். வழிபடுகிறவனுக்கு ஒரே தெய்வம். சுவைக்கிறவனுக்கு ஆயிரம் கலைஞர். தீயவராகவே அறியப்பட்ட நம்பியார் 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தில் தலைவனாக வந்து பதினொரு தோற்றங்களில் நடித்தார் என்று அறிந்தவன், ஒருவர்மேல் ஒரே முத்திரை குத்த மாட்டான். படம் என்பது எழுதியவர், ஒளிப்பதிந்தவர், சிறுவேடம் ஏற்றவர் என்று பலர் உழைப்பின் விளைவு என்பதை உணர்ந்தவன் ஒரே ஒருவரின் படத்துக்குப் பாலூற்ற மாட்டான்.

இனிச் செய்யவேண்டியன யாவை? தமிழக அரசு, புனேயிலும் பிற இடங்களிலும் உள்ள தமிழ்ப்படங்கள் அனைத்துக்கும் செம்மையான மின்படி எடுத்து, தமிழ் மண்ணிலேயே ஒரு முழுமையான காப்பகத்தில் வைத்து, மாணவரும் ஆய்வாளரும் கட்டணமின்றிக் காண வழிசெய்ய வேண்டும். பிலிம் நியூசு ஆனந்தன் என்னும் தனியொருவர் வாழ்நாளெல்லாம் படங்களும் குறிப்புகளும் தொகுத்தார். அத்தொகுப்பை 2002இல் தமிழக அரசு பெற்றுக்கொண்டது. 2016இல் அவர் மறைந்தார். தனியொருவரால் இவ்வளவு இயன்றதென்றால் ஓர் அரசால் எவ்வளவு இயலும்!

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டியிருத்தலும் ஆகாது. ஊர்தோறும் உள்ள தமிழ்க்கழகங்கள் திங்களுக்கு ஒரு பழம்படத்தைத் திரையிட்டு, அதன் மொழியையும் நடிப்பையும் பற்றி ஒரு மணிநேரம் உரையாடலாம். தமிழாசிரியர்கள் வழக்குரை காதையை நடத்தும் நாளில் ‘கண்ணகி’யின் அவைக்காட்சியை மாணவர்க்குக் காட்டலாம், நூலுக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே எழுதட்டும். உங்கள் வீட்டுப் பரணில் கொட்டகை வாயிலில் விற்ற பழைய பாட்டுப்பொத்தகமோ, துண்டறிக்கையோ, நிழற்படமோ கிடந்தால் பழந்தாள் கடைக்குப் போடாதீர்கள். சுருள் அழிந்த படங்கள் பலவற்றுக்கு அப்பாட்டுப்பொத்தகமே எஞ்சிய சான்று. அகவை முதிர்ந்த பாட்டன் பாட்டியர் அந்நாளிற் கண்ட படங்களைச் சொல்வாராயின், சலிப்புறாமல் எழுதிவையுங்கள். அவர்களும் நெடுநாள் இரார்.

ஓலையை ஆற்றில் விட்ட முன்னோரை நாம் பழிக்கிறோம். அவர்கள் அறியாமல் செய்தனர். படியெடுக்கும் கருவியும் அவர்களிடம் இல்லை. நமக்கோ அறிவும் உண்டு, கருவியும் உண்டு. உள்ளங்கையளவு பெட்டியில் ஓராயிரம் படங்களை அடக்கும் காலத்தில் வாழ்கிறோம். இந்நிலையிலும் கண்ணாம்பாவின் குரலையும், சின்னப்பாவின் இருமுகத்தையும், நாகையாவின் கண்ணீரையும், இளங்கோவனின் தமிழையும் நாம் தொலைப்போமாயின், அதை அறியாமை என்று வருங்காலத்தார் மன்னிக்க மாட்டார்கள். ஆகவே அன்பர்களே, இத்திங்களிலேயே தொடங்குங்கள். ஒரு படம் பாருங்கள். அதில் நடித்த, நீங்கள் இதுவரை அறியாத ஒருவரின் பெயரைக் கேட்டறியுங்கள். அப்பெயரை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.